சிரிக்கும் முகத்தைத் தொட்ட தெரு

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை. வேறெப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. உங்கள் போன் நம்பர் என்னிடம் இல்லை. இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

போன வாரம் நம் தெருவுக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கட்டுத் தாள். "நீங்க இருக்கிற தெருவைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க, அது உங்க உடம்பைப் பாதிக்குதான்னு கேட்டுட்டுப் போக வந்திருக்கோம்" என்றார்கள். போகும்போது வீட்டுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். சந்தேகம் இருந்தால் எழுத வேண்டிய விலாசமும், மேற்பார்வையாளர் பெயரும் அதில் அச்சடித்திருந்தது. பெயரைப் படித்ததும் தையல் இயந்திரத்தில் கால் நின்றுவிட்டது. என் அண்ணன் மனைவியின் பெயர்.

ஆறு வருஷம் ஆகியும் விட மாட்டீர்கள் போலிருக்கிறது. அன்றைக்கு மனு கொடுத்துப் பார்த்தீர்கள், பலிக்கவில்லை. இப்போது கட்டுக் கட்டாகத் தாளோடு ஆள் அனுப்புகிறீர்கள். இந்தத் தெரு மனுஷர் வாழ லாயக்கில்லை என்று எழுதி வாங்கி, அத்தனை வீட்டையும் இடிக்க வைப்பதுதானே திட்டம்? நாங்கள் காதில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் பெண்கள் தெருமுனைக்கு வரும் முன்பே சங்கச் செயலாளர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டார். அவரை மறந்திருக்க மாட்டீர்கள், அந்தக் குரலுக்கு 'மைக்' என்று பட்டம் வைத்ததே நீங்கள்தான். "ஒரு அட்டையில அஞ்சு மூஞ்சி போட்டு நீட்டுவாங்க. அழுவற மூஞ்சி பக்கமே போகாதீங்க. எதைக் கேட்டாலும் வாயெல்லாம் பல்லா சிரிக்குது பாருங்க, அதைத் தொடுங்க."

அப்படியே செய்தோம். பேட்டரி உருக்கும் பட்டறையின் புகை எப்படி? சிரிக்கும் முகம். நாற்றம்? சிரிக்கும் முகம். ராத்திரி சத்தம், தெரு விளக்கு, அக்கம்பக்கத்தார் குணம்? எல்லாவற்றுக்கும் அதே முகம். எதிர்வீட்டுக் கிழவருக்கு அட்டையே தெரியவில்லை. அவருடைய மருமகள் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தாள். உங்கள் பெண்கள் முகம் செத்துப்போய் எழுந்து போனார்கள்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். என் மகள் வாலு நன்றாக இருக்கிறாள். நீங்கள் கேட்பீர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்

&nbsp;

பிப்ரவரி 17

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் தெருவின் ஒத்துழைப்புக்கு அலுவலகத்தின் சார்பில் நன்றி.

என் பெண்கள் முகம் செத்துப்போய் இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அது நான் கொடுத்த பயிற்சி. கேள்வி கேட்கிறவள் தலையாட்டக் கூடாது, "அடப்பாவமே" என்று சொல்லக் கூடாது, புருவத்தைத் தூக்கக் கூடாது. எதிரில் இருப்பவர் இருமிக்கொண்டே "காத்து அருமையா இருக்கு" என்று சொன்னால், அருமை என்றுதான் குறிக்க வேண்டும். இருமலைக் குறிக்க அந்தத் தாளில் இடம் கிடையாது. நாங்கள் காற்றை அளப்பதில்லை. காற்றைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அளக்கிறோம்.

வந்தவர்களில் சின்னவள் திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னாள்: "அக்கா, அந்தத் தெருவுல எனக்கு மூக்கைப் பொத்திக்கலாம்னு இருந்துச்சு. அவங்க என்னடான்னா நல்லாருக்குன்னு சிரிக்கிறாங்க. நான் வேணா ஓரமா ஒரு குறிப்பு எழுதவா?" நான் சொன்னேன்: "நீ அங்க குடியிருக்கியா? உன் மூக்கு நமக்கு வேண்டாம். அவங்க சொன்னதை மட்டும் எழுது."

வீடுகளை இடிப்பது எங்கள் வேலை இல்லை. அந்தப் பயம் வேண்டாம். கணக்கெடுத்த தெருக்களிலேயே உங்கள் தெருவுக்குத்தான் முதல் இடம். மைக்கிடம் சொல், சந்தோஷப்படுவார்.

வாலுவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. நான் அந்த வீட்டை விட்டு வந்தபோது அவளுக்கு முன்பல் இரண்டுதான் முளைத்திருந்தது.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 2

அண்ணி,

எங்கள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டீர்கள்.

பட்டறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் தெருவுக்கும் பின் தெருவுக்கும் நடுவில் இருக்கிறது. வாசலும் லாரி நிறுத்தமும் இத்தனை வருஷமும் பின் தெருப் பக்கம். புகைபோக்கியும் அந்தப் பக்கம்தான் சாய்ந்து நிற்கும். போன வாரம் நகராட்சி ஆட்கள் வந்து நம் பக்கத்து மதிலை இடித்தார்கள். புதிதாக ஒரு இரும்புக் கதவு வைக்கிறார்களாம். பழைய பேட்டரி ஏற்றி வருகிற லாரி எல்லாம் இனிமேல் நம் தெரு வழியாகத்தான். புகைபோக்கியையும் நம் பக்கத்துக்கு மாற்றுகிறார்கள். மைக் ஓடிப்போய்க் கேட்டதற்கு அந்த அதிகாரி ஒரு தாளைக் காட்டினாராம். "உங்க தெருவுல ஒருத்தருக்குக்கூட புகையோ சத்தமோ தொந்தரவு இல்லைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. பின் தெருவுல அத்தனை பேரும் கஷ்டம்னு சொன்னாங்க. கஷ்டப்படறவங்களுக்குத்தானே முதல்ல செய்யணும்?"

பின் தெருக்காரர்கள் எதற்குத்தான் மூக்கால் அழவில்லை? கல்யாண வீட்டிலும் குறை சொல்கிற கூட்டம் அது. அவர்களுக்குப் புகை இல்லாத வாழ்வு, எங்களுக்கு இரட்டைப் புகை. அவர்கள் பக்கம் காற்றைச் சோதிக்கும் இயந்திரம்கூட வந்துவிட்டது. டாக்டர் வாரம் ஒரு நாள் வந்து பிள்ளைகளின் நெஞ்சைப் பார்க்கிறார்.

வாலுவுக்கு மூச்சு வாங்குகிறது. நன்றாக இருக்கிறாள் என்று போன தடவை எழுதியது வீம்புக்கு. போன மழைக்காலத்திலிருந்தே இழுக்கிறது. நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள்.

இந்தக் கேள்வியெல்லாம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். என் கடிதத்தைப் படித்த பிறகும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் இடம் என்று வாழ்த்து வேறு சொன்னீர்கள். அதை மைக் சங்கக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் கைதட்டல் வாங்கினார். இப்போது யாராவது அதை ஞாபகப்படுத்தினால் அடிக்க வருகிறார்.

நாத்தனார்

&nbsp;

ஏப்ரல் 10

நாத்தனாருக்கு,

ஆமாம், தெரியும். எல்லாம் தெரிந்துதான் பேசாமல் இருந்தேன். எந்தெந்தத் தெருவைக் கேட்பது என்று போட்ட குலுக்கலில் உங்கள் தெரு வந்த நாளிலிருந்தே தெரியும். காற்றைச் சோதிக்கும் இயந்திரம் ஊருக்கே இரண்டுதான் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது, எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதை, மக்கள் எங்கே அதிகம் கஷ்டப்படுவதாகச் சொல்கிறார்களோ அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். உன் கடிதம் வந்த அன்று அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் தோன்றியது.

நான் உங்களை ஏமாற்றவில்லை. பதில் சொன்னது நீங்கள், எழுதிக்கொண்டது நாங்கள். அன்றும் இப்படித்தானே? உன் அண்ணன் பட்டறைச் சுவர் ஓரமாகவே பஞ்சர் கடை வைத்து, அந்தப் புகையையே குடித்து, கடைசியில் தலையணைக்கு மேல் தலையணை வைத்து உட்கார்ந்தபடியே செத்தார். நான் மனு கொடுத்தேன். விசாரிக்க அதிகாரி வந்தார். தெருவே கூடி நின்றது. உன்னைக் கேட்டார். நீ என்ன சொன்னாய் என்பதை நீ மறந்திருக்கலாம். "எங்கண்ணனுக்குக் குடிப்பழக்கம் சார். அதுல போனதுதான். அண்ணி ஒழுங்கா மாத்திரைகூட வாங்கிக் குடுக்கல. புகைன்னு சொல்றதெல்லாம் சும்மா." தெரு முழுக்க ஆமாம் போட்டது. மைக் கொஞ்சம் சத்தமாகவே போட்டார்.

இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற மனுஷன் உன் அண்ணன். அவரைக் குடிகாரன் என்றாய். என்னைக் கொலைகாரி என்று சொல்லாத குறை. உன் வீட்டுக்காரர் அந்தப் பட்டறை எடைமேடையில் வேலை பார்க்கிறார், அந்த வேலை போய்விடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். அதற்காகச் செத்த ஆளையும் இருக்கிற ஆளையும் சேர்த்து நாறடித்தாய். அதன் பிறகு அந்தத் தெருவில் எனக்கு ஒரு குடம் தண்ணீர் பிடிக்கக்கூட யாரும் வழி விடவில்லை.

இப்போது கேள். எங்கள் வேலையில் மறுசோதனை என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு தெருவிலும் குலுக்கல் போட்டு ஒரு வீட்டுக்கு மறுபடி போய், அதே கேள்விகளைக் கேட்போம். பதில் மாறியிருந்தால் தெரு முழுவதையும் புதிதாகக் கேட்க வேண்டும். உங்கள் தெருவில் உன் வீடு வந்திருக்கிறது. நானே வருவேன். தாளின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. 'உங்கள் குடும்பத்தில் யாராவது மூச்சுக் கோளாறால் இறந்திருந்தால், அதற்குக் காரணம் எது என்று நினைக்கிறீர்கள்?' போன தடவை அதற்கு நீ 'யாரும் இல்லை' என்று சொல்லியிருக்கிறாய்.

என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன். அது விதி. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெரு கேட்கிற மாதிரி சொன்னால் எனக்குச் சௌகரியம்.

அண்ணி

&nbsp;

ஏப்ரல் 19

அண்ணி,

வாருங்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ வாயைத் திறந்தா நாளைக்கே என்னை வெளிய தள்ளிடுவாங்க" என்றார். மூன்றாம் நாள் வாலுவைத் தோளில் போட்டுக்கொண்டு விடிகிற வரைக்கும் நடந்தார். விடிந்ததும், "என்னமோ செய்" என்றார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்ல வரும்.

மறுசோதனை என்று கேள்விப்பட்டதும் மைக் மறுபடி வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். இந்தத் தடவை எல்லாவற்றுக்கும் அழுகிற முகமாம். சாயங்காலம் சங்கக் கட்டிடத்தில் உட்கார வைத்து ஒத்திகை பார்க்கிறார். தெரு விளக்கு போன மாதம்தான் புதிதாகப் போட்டார்கள், பகல் போல எரிகிறது. அதற்கும் அழச் சொல்கிறார். 'அக்கம்பக்கத்தாரை நம்பலாமா' என்ற கேள்விக்கு வாடகை வீட்டு அம்மா அழுகிற முகத்தைத் தொட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, "அப்ப இத்தன நாளா என்னைத் திருடின்னு நெனச்சியா?" என்று எழுந்துவிட்டாள். ஒத்திகைதான் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இப்போது இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒத்திகை முடிவதற்குள் அந்தப் பதில் நிஜமாகிவிடும் போலிருக்கிறது.

நீங்கள் கேட்கிறதைச் சொல்கிறேன். உங்களுக்காக இல்லை. உங்கள் மேல் எனக்கு இப்போதும் பாசம் ஒன்றும் பொங்கவில்லை. அன்றைக்கு நான் அப்படிப் பேசாமல் இருந்திருந்தால் கைக்குழந்தையோடு நாங்கள் தெருவில் நின்றிருப்போம். நீங்கள் தனி ஆள், எங்கே வேண்டுமானாலும் போய்ப் பிழைத்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். பிழைத்தும் விட்டீர்கள்.

கதவைத் திறந்தே வைக்கிறேன்.

நாத்தனார்

&nbsp;

மே 6

நாத்தனாருக்கு,

போன வாரம் உன் வீட்டில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுத வேண்டும்.

நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே சொன்னாய். வாசலில் கூட்டம் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. நான் முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டேன். உன் விரல் அழுகிற முகத்துக்கே போயிற்று, விளக்கு பற்றிய கேள்வியைத் தவிர. அதற்கு மட்டும் சிரிக்கும் முகத்தைத் தொட்டாய். வெளியே மைக் தலையில் அடித்துக்கொண்டார். கடைசிக் கேள்வி வந்ததும் நீ எழுந்து நின்றாய். "எங்கண்ணன் இந்தப் பட்டறைப் புகையிலதான் செத்தாரு. அவரு வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சதில்ல. அண்ணிதான் தூங்காமக் கெடந்து பாத்துக்கிட்டாங்க. நான்தான் பொய் சொன்னேன்." பட்டறைக் காவலாளிகூடக் கேட்டிருப்பான். நான் எழுதிக்கொண்டேன். நன்றி சொல்லிவிட்டு எழுந்தேன். வாலு கதவுக்குப் பின்னால் நின்று என்னை எட்டிப் பார்த்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் தெருவின் மறுசோதனை பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. குலுக்கலில் வந்தது எதிர்வீட்டுக் கிழவர் வீடு. மருமகள் மறுபடி அவர் விரலைப் பிடித்து வைத்தாள். உன் வீடு எந்தக் குலுக்கலிலும் வரவில்லை. வந்திருந்தாலும் பயனில்லை. கேள்வி கேட்கிறவர் உறவுக்காரராக இருந்தால் அந்தப் பதில் செல்லாது, இதுவும் விதி. என்னிடம் நீ சொன்னதை எங்கள் அலுவலகம் எண்ணவே எண்ணாது. அந்தத் தாளை நான் கொடுக்கவும் இல்லை.

உங்கள் தெரு இப்போதும் முதல் இடத்தில்தான் இருக்கிறது. மதிலில் கதவு வரும், லாரி வரும், புகைபோக்கி வரும்.

எனக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது. உன் வாயால், அந்தத் தெருவின் காதில் விழும்படி. கிடைத்துவிட்டது.

அண்ணி

&nbsp;

மே 20

உங்களுக்கு,

அண்ணி என்று எழுதக் கை கூசுகிறது.

நீங்கள் வந்து போன மறுநாளே என் வீட்டுக்காரரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதை நான் எதிர்பார்த்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று வாலு ஆஸ்பத்திரியில் இருந்தாள். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். என்னைப் பழி வாங்கினீர்கள், சரி, நான் செய்ததற்குக் கிடைத்தது. இவள் உங்களுக்கு என்ன செய்தாள்? உங்கள் மடியில் படுத்துத்தானே வளர்ந்தாள்?

அழுதுகொண்டே இருந்தேன். அப்புறம் அழுகை நின்றுவிட்டது. கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். உறவுக்காரர் கேட்டால் செல்லாது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், எங்கள் தெருவைக் கேட்க வந்த பெண்களுக்கு மேற்பார்வை யார்? என்னிடம் கேட்டது மட்டும் செல்லாதா, இல்லை, எங்கள் தெருவில் எழுதிய அத்தனையுமே செல்லாதா? நீங்கள் அந்தத் தெருவில் வாழ்ந்தவர், அந்தத் தெருவோடு பகை உள்ளவர். இதை உங்கள் அலுவலகத்தில் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

உங்கள் தலைமை அலுவலருக்குப் புகார் எழுதிவிட்டேன். நீங்கள் உங்கள் கைப்பட எழுதிய கடிதங்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். வெறும் உறவு என்று சொன்னால் போதாது, எங்கள் மேல் உங்களுக்கு ஏன் ஆத்திரம் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணன் எதில் செத்தார், அதிகாரியிடம் நான் என்ன பொய் சொன்னேன், தெரு அதற்கு எப்படி ஆமாம் போட்டது, எல்லாவற்றையும் எழுதினேன். தெருவில் அத்தனை பேரும் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள். மைக்தான் முதல் கையெழுத்து. ஒத்திகை இல்லாமல் அவர் செய்த ஒரே காரியம் இது.

நேற்றுப் பதில் வந்தது. எங்கள் தெருவில் எடுத்த பதில்களை எல்லாம் தள்ளிவிட்டார்களாம். புது ஆட்கள் வந்து முதலிலிருந்து கேட்கப் போகிறார்கள். அது முடிகிற வரைக்கும் மதில் வேலையை நிறுத்தி வைக்க நகராட்சிக்கும் எழுதியிருக்கிறார்கள். உங்களிடம் விளக்கம் கேட்கப்போவதாகவும் அதில் இருந்தது.

உங்கள் வேலை போய்விடும். போகட்டும். என் வீட்டுக்காரர் வேலை போன மாதிரி.

&nbsp;

ஜூன் 3

நாத்தனாருக்கு,

வாலு மூக்கில் குழாயோடு கிடந்தாள் என்ற வரியைத் தாண்டிப் போக வெகு நேரம் ஆயிற்று. வலித்தது. அதை மறைக்கப் போவதில்லை. ஆனாலும் என்னை மறுபடி பிப்ரவரியில் கொண்டுபோய் நிறுத்தினால், உன் கடிதத்துக்கு அதே பதிலைத்தான் எழுதுவேன் என்று நினைக்கிறேன். உன் மகளுக்கு விவரம் தெரியும் வயது வந்ததும் இதையும் அவளிடம் சொல். அவள் என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

நீ இவ்வளவு கெட்டிக்காரி என்று நான் நினைக்கவில்லை. மறுசோதனை முடிந்த பிறகு தெரு முழுவதையும் புதிதாகக் கேட்க வைக்க எங்கள் அலுவலகத்தில் இருக்கிற ஒரே வழி மேற்பார்வையாளரை மாட்டிவிடுவதுதான். அதை நீ கண்டுபிடித்துவிட்டாய். புது ஆட்கள் இம்மாதக் கடைசியில் வருவார்கள். மைக்கை அவர்கள் கண்ணில் படாமல் எங்காவது அனுப்பிவிடு. நீ என்னிடம் சொன்ன மாதிரியே சொல், விளக்கு நன்றாக எரிகிறது என்பதையும் சேர்த்து. எல்லாவற்றுக்கும் அழுதால் நம்ப மாட்டார்கள்.

முந்தாநாள் தலைமை அலுவலர் என்னைக் கூப்பிட்டார். உன் புகாரின் நகலை மேஜை மேல் வைத்து, விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். நல்ல மனுஷர். "கோவத்துல ஏதோ எழுதியிருக்காங்க, நீங்க மறுத்து எழுதுங்கம்மா, பாத்துக்கலாம்" என்றார்.

நான் உட்கார்ந்து முழுவதையும் படித்தேன். பட்டறைப் புகையில் செத்தவர் என்று உன் அண்ணன் பெயர். குடிக்காதவர் என்று ஒரு வரி. மனைவி அவரைப் பார்த்துக்கொண்டாள் என்று ஒரு வரி. அதன் கீழே, அன்று கூடி நின்று ஆமாம் போட்ட அத்தனை பேருடைய கையெழுத்தும் இருந்தது.

விளக்கத்தாளில் ஒரே வரிதான் எழுதினேன். 'இந்தப் புகாரில் சொல்லியிருப்பது அத்தனையும் உண்மை.'

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி எழுதினா உங்க வேலை போயிடும். தெரியும்ல?"

"தெரியும் சார். கையெழுத்துப் போட்டுட்டேன். வாங்கிக்கிட்டதுக்கு முத்திரை போட்டு, அந்தப் புகாரையும் சேத்து எனக்கு ஒரு நகல் குடுங்க" என்றேன்.

போட்டுக் கொடுத்தார்.

அண்ணி